பின்முடிச்சு

என்னைய வாய்க்காரின்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். வாய் இல்லாட்டி இந்த எஸ்டேட்டுல என்னைய ஏறி மிதிச்சிட்டுப் போயிருப்பானுங்க. கட்டுனவன் திருப்பூருக்கு வேலைக்குப் போயி அங்கயே இன்னொருத்தியோட குடும்பம் பண்ணிட்டான். ஒத்தப் பொம்பளையா நின்னு ஒரு பொட்டப்புள்ளைய சேலத்துல காலேஜு வரைக்கும் கொண்டாந்தது இந்த வாயும் இந்த ரெண்டு கையுந்தானுங்க. அதே வாயாலதான் அவள இந்த மாசியில தொலைக்கப் பாத்தேன்.

ஏற்காட்டு மலையில, நாகலூருக்கு மேல எங்க எஸ்டேட்டுல அன்னைக்கிக் கடைசிப் பறிப்பு. இடுப்புல பையக் கட்டிக்கிட்டு காப்பிச் செடிக்குள்ள துழாவிட்டிருந்தேன். பதினொரு மணி இருக்கும். ரைட்டர் பொன்னுவேலு மேட்டுல இருந்து போனத் தூக்கிப் புடிச்சிட்டு ஓடி வர்றாரு. எங்களுக்குப் பேரெழுதி வேல பிரிச்சுக் குடுக்கறவரு அவரு. அந்த மனுசன் ஓடி நான் பாத்ததே இல்லீங்க. பழத்தோட பச்சக்காயும் கலந்து போட்டேன்னு திட்டத்தான் வர்றாருன்னு நெனச்சு நான் முந்திக்கிட்டேன்.

"ஏனுங்க, பச்சக்காய் ஒண்ணு ரெண்டு வுழத்தான் செய்யும். நீங்க வந்து பறிச்சுப் பாருங்க"ன்னேன்.

"வாய மூடு அமுதவல்லி. உம்புள்ள காலேஜுல இருந்து மேடம் பேசறாங்க. உம்போனுக்கு லைனே கெடைக்கலையாம்."

ஹாஸ்டல்ல சேத்தப்ப அவசரத்துக்குன்னு ரைட்டர் நம்பரத்தான் குடுத்திருந்தோம். வாங்கிக் காதுல வெச்சேன்.

"அம்மா, நான் கௌரி பேசறேங்க. கவிப்பிரியாவுக்கு சைக்காலஜி எடுக்கறவங்க. கவி வீட்டுக்கு வந்துட்டாளா?"

"இல்லீங்களே மேடம். அவ அங்கதான இருக்கா?"

அப்பறம் சொன்னாங்க. காலையில ஆறு மணிக்கே ஊருக்குப் போறேன்னு ஹாஸ்டல் நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பிட்டாளாம். போன் சுவிட்ச் ஆஃபாம். "அவ எழுதிக் குடுத்த பேப்பர இப்பத்தாங்கம்மா படிச்சேன். படிச்சதுல இருந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. உங்களுக்கும் அவளுக்கும் ஏதாச்சும் சண்டையா?"

சண்டையான்னு கேட்டாங்க பாருங்க, எனக்குப் பொங்கலு நெனப்பு வந்துருச்சு. இடுப்புப்பை அவுந்து பழமெல்லாம் செடிக்கடியில உருண்டுச்சு. நான் குனிஞ்சு பொறுக்கக்கூட இல்ல.

பொங்கலுக்கு வந்திருந்தா. வந்த நாள்ல இருந்து அவளுக்குச் சோறு எறங்கல, கண்ணத் தொறந்துகிட்டே படுத்துக் கெடந்தா. மாட்டுப்பொங்க அன்னைக்கி அடுப்புக்கிட்ட வந்து குந்திக்கிட்டா. "அம்மா, எனக்கு மனசே சரியில்ல. எதுக்கு உசுரோட இருக்கோம்னு இருக்குது. மனசுக்குப் பாக்கற டாக்டருகிட்ட ஒருக்கா கூட்டிட்டுப் போறியா"ன்னா. நான் என்ன பண்ணியிருக்கோணும்? கட்டிப் புடிச்சிருக்கோணும். நான் என்ன பண்ணேன்? கையில இருந்த கரண்டியத் தூக்கி வீசுனேன். "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா? நாளைக்கி எவன்டி உன்னையக் கட்டுவான்? மழையிலயும் அட்டைக்கடியிலயும் நான் சாவறேன், ஃபேனுக்கடியில குந்திப் படிக்கற உனக்கு மனசு சரியில்லையா? எங்கயாச்சும் போயி செத்துத் தொல"ன்னேன்.

எஸ்டேட்டுல வரிசையாக் கட்டி வுட்டிருக்கற எங்க லைன் ஊடுகள்ள அந்த வார்த்தைய ஒரு நாளைக்கிப் பத்து தடவ சொல்லுவோமுங்க. ஆட்டப் பாத்துச் சொல்லுவோம், தண்ணி வராத பைப்பப் பாத்துச் சொல்லுவோம், பாலுக்கு அழுவற புள்ளையப் பாத்தும் சொல்லுவோம். எங்கம்மா என்னையச் சொல்லாத நாளில்ல. யாரும் அதக் காதுல போட்டுக்க மாட்டாங்க. இவ போட்டுக்கிட்டா. மறுநா மொத பஸ்ஸுக்குப் போனவதான், நாப்பது நாளா ஒரு போன் இல்ல. நானும் பண்ணல. பெத்தவ நானா எறங்கிப் போறதுன்னு வீம்பு. மண்ணாங்கட்டி வீம்பு. அவ போன அன்னைக்கி என் ஊதாச் சேல ஒண்ணு காணாமப் போயி, பக்கத்தூட்டு காளியாயிதான் கொடியில இருந்து எடுத்துட்டான்னு அவகூட ஒரு பெரிய சண்ட போட்டுட்டுத் திரிஞ்சேன். புள்ள போன துக்கத்த எங்கயாச்சும் காட்டோணுமில்லீங்களா.

ரைட்டர் அவரு போனையே எங்கிட்ட குடுத்துட்டாரு. ரோட்டுக்கு ஓடியாந்தா சிவக்குமாரோட ஜீப்பு நின்னுட்டிருந்துச்சு. நாகலூருக்கும் ஏற்காட்டுக்கும் ஷேர் ஜீப்பு ஓட்டறவன் அவன். விசயத்தச் சொன்னதும் ஏறியிருந்த சனத்தப் பூரா எறங்கச் சொல்லிட்டான். "உக்காருங்கக்கா. டவுனு பஸ் ஸ்டாண்டுல மொதல்ல விசாரிப்போம்"னு வண்டிய எடுத்தான். போன ஸ்பீக்கர்ல போட்டு என் மடியில வெச்சான். எங்க மலையில லைனு ஒரு வளைவுல வரும், அடுத்த வளைவுல போவும். வர்றப்பவெல்லாம் மேடம் பேசுனாங்க.

"நான் ஸ்டேஷன்லயும் சொல்லிட்டேங்கம்மா. நீங்களும் தேடுங்க. இந்தப் பேப்பர்ல இருந்து ஏதாச்சும் தெரியுதான்னு பாருங்க. நான் புள்ளைங்களுக்கு ஒரு வேல குடுத்திருந்தேன். ஏதாச்சும் ஒரு சினிமா எடுத்துக்கணும். அதுல பெத்தவங்களுக்கும் புள்ளைக்கும் ஆகாம இருக்கணும். அவங்க ஏன் அப்படி ஆனாங்கன்னு ஆளுமைக் கோட்பாட்ட வெச்சு எழுதணும். அதாவது, ஒரு மனுசன் இப்படி ஆனதுக்கு இதுதான் காரணம்னு படிச்ச பெரியவங்க சொல்லி வெச்சிருக்காங்க. அத அந்தப் படத்துல வர்றவங்க மேல பொருத்திப் பாக்கணும்."

எனக்கு ஆத்திரம் பத்திக்கிட்டு வந்துச்சு. "எம்புள்ளையக் காணோமுங்கறீங்க, உக்காந்து சினிமாக் கத சொல்றீங்களே மேடம்!"

"அப்படி ஒரு சினிமாவே இல்லீங்கம்மா! நெட்டுல தேடிட்டேன், மத்த மேடங்ககிட்டயும் கேட்டுட்டேன். அவளா உண்டாக்கின கத. படத்துக்குப் பேரு பின்முடிச்சுன்னு வெச்சிருக்கா."

ஜீப்பு ஒரு குழியில எறங்கி ஏறுச்சு. எனக்குத் தல எங்கயும் இடிக்கல, ஆனா இடிச்ச மாதிரிதான் இருந்துச்சு.

பின்முடிச்சுன்னா என்னன்னு அந்த மேடத்துக்கு எப்படித் தெரியும்? எங்களுக்குத்தான் தெரியும். பறிப்புக்குப் போறப்ப நடக்கப் பழகுன புள்ளைய எங்க வுடறது? பெரிய எஸ்டேட்டுல பாத்துக்க ஆயா வெச்சிருப்பாங்க. சின்ன எஸ்டேட்டுல அதெல்லாம் கெடையாதுங்க. நெழலுக்கு நிக்கற மரத்துல பழைய சேலையக் கட்டி, மறு முனைய புள்ள இடுப்புல கட்டிருவோம். மூணு செடி தூரத்துக்கு நீளம் வுடுவோம், நடக்கட்டும் வெளையாடட்டும்னு. முடிச்ச மட்டும் புள்ள முதுகுப் பக்கம் போடோணும். முன்னாடி போட்டா குட்டிக் கையால அவுத்துட்டு ஓடிரும். பள்ளம் இருக்குது, பாம்பு இருக்குது, தண்ணித்தொட்டி இருக்குது. அந்த முடிச்சுக்குப் பேருதான் பின்முடிச்சு. எங்கம்மா என்னையக் கட்டுனா, நான் கவியக் கட்டுனேன். இதுல கொடுமைன்னு நாங்க யாரும் நெனச்சதில்லீங்க.

மேடம் படிக்க ஆரம்பிச்சாங்க. இங்கிலீசுல எழுதியிருக்கா, தமிழ்ல சொல்றேன்னாங்க. மொதக் காட்சி. காப்பிக்காடு. ஒரு சின்னப் புள்ளைய மரத்துல கட்டிப் போட்டிருக்குது. மழ தூறுது. புள்ள "அம்மா, அம்மா"ன்னு கத்துது. அம்மாக்காரி கொஞ்ச தூரத்துல நின்னுட்டிருக்கா. புள்ளையப் பாத்துகிட்டேதான் நிக்கறா. ஆனா வரல. சேல முந்தானைய வாயில அடச்சுக்கிட்டு சிரிக்கறா. அட்ட ஏறி புள்ளையோட காலு பூரா ரத்தம். அம்மா வந்ததும் ஒரு அற வுடறா.

"இதுக்குக் கவி என்ன எழுதியிருக்கான்னா, மொத ரெண்டு மூணு வருசத்துல கூப்பிட்டா அம்மா வருவாங்கற நம்பிக்க ஒரு புள்ளைக்கு வரணும், வராட்டி அந்தப் புள்ள ஆயுசுக்கும் இந்த உலகத்த நம்பாதுன்னு ஒரு அறிஞர் சொன்னது இந்த மகளுக்குப் பொருந்தும். அப்பறம், அடுத்தவங்க வலியில சொகம் காணற ஆளுமை அந்த அம்மாவுக்கு இருக்கலாம்னு..."

"நிறுத்துங்க!"ன்னு நான் போட்ட சத்தத்துல சிவக்குமாரு பிரேக்கப் போட்டுட்டான். "சிரிச்சேனா? நானா சிரிச்சேன்? எந்த அறிஞன்டா அவன், அன்னைக்கி அங்க வந்து பாத்தவன்?"

அன்னைக்கி நடந்தத நான் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க. அவளுக்கு அப்ப மூணு வயசு. மஞ்சக்குட்ட பக்கம் ஒரு எஸ்டேட்டுல இருந்தோம். பலாமரத்துல அவளக் கட்டிட்டு நாலு வரிச தள்ளிப் பறிச்சிட்டிருந்தேன். தூறல் வந்துச்சு, புள்ளைய அவுக்கலாம்னு திரும்பி வந்தா, மரத்துக்குப் பின்னால ஒத்தக் காட்டெரும. அவ முதுகுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு ஆள் படுக்கற தூரங்கூட இல்ல. அவ என்னையப் பாத்து நிக்கறா, பின்னால நிக்கறது அவளுக்குத் தெரியாது. நான் ஒரு எட்டு வெச்சா அது மெரளும். சத்தம் போட்டா மெரளும். மெரண்டா எம்புள்ள மேலதான் வுழும். கட்டிப் போட்டிருக்கேனே, ஓடக்கூட முடியாதே. "அம்மா"ங்கறா. என் தொண்டையில இருந்து சத்தம் பீறிட்டு வருது. முந்தானைய வாயில திணிச்சேன். ஒடம்பு குலுங்குது. அழுவறேனுங்க. அந்த எரும மேஞ்சு முடிச்சு, தலைய ஆட்டிட்டு, பள்ளத்துல எறங்கிப் போற வரைக்கும் அப்படியே நின்னேன். போனதும் ஓடிப்போயி அவள வாரி எடுத்தேன். எடுத்த கையாலயே ஒரு அற வுட்டேன். ஏன் அறஞ்சேன்? எனக்கே தெரியல. உசுரு திரும்பி வந்த வேகம்.

அவகிட்ட ஏன் சொல்லலைன்னா, சொன்னா மறுநா காட்டுக்கு வரமாட்டேன்னு அழுவா. வராட்டி அவள எங்க வுட்டுட்டுப் போறது? அப்பறம் பெருசானா. பெருசானதுக்கு அப்பறம் அதப் போயி எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு வுட்டுட்டேன். அந்தப் புள்ள பதினாறு வருசமா அந்தச் சிரிப்ப மனசுல வெச்சிருந்திருக்கான்னு நான் கண்டேனா?

இதெல்லாம் போன்ல கத்திச் சொல்லிட்டு, கேட்டீங்களா மேடம்னு பாத்தா லைனு எப்பவோ போயிருச்சு. சிவக்குமாருதான் கேட்டுட்டிருந்தான். கண்ணத் தொடச்சுக்கிட்டு வண்டிய எடுத்தான்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுல பேக்கரிக்காரரு ஆசிருக்குக் கவியத் தெரியும். எட்டு மணி போல சேலம் பஸ்ஸுல எறங்குனாளாம். ஒரு தண்ணி பாட்டிலு வாங்கிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்னாளாம். "நாகலூர் பஸ்ஸு நிக்குது பாப்பா, ஏறலையான்னு கேட்டேன். இல்லண்ணா, கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்னுச்சு. எந்தப் பக்கம் போச்சுன்னு நான் கவனிக்கலீங்க"ன்னாரு.

அப்பத்தான் மறுபடி மேடம் லைன்ல வந்தாங்க. குரலே மாறியிருந்துச்சு. "அம்மா, கடைசிக் காட்சியில அந்தப் பொண்ணு மலைக்குத் திரும்பி வர்றா. மலை முடியற எடத்துல போயி நிக்கறா. அடுத்த காட்சியில அவ இல்ல, வெறும் துணி மட்டும் கெடக்கற மாதிரி எழுதியிருக்கா. எனக்குப் பயமா இருக்கு. மொதல்ல அந்த வியூ பாயின்ட் பக்கம் பாருங்க."

லேடீஸ் சீட்டுங்கற வியூ பாயின்டுக்குப் பறந்தோம். செவ்வாக்கெழம, ஆனாலும் கூட்டம். கம்பித் தடுப்பு ஓரமா சனம் நின்னு போட்டா எடுத்துட்டிருக்குது. கீழ சேலம் டவுனு வெயில்ல கெடக்குது. அங்க நின்னவங்க மொகத்த ஒண்ணு வுடாமப் பாத்தேன். ஒரு புள்ள கவி மாதிரியே பச்சக்கலரு சுடிதாரு. தோளப் புடிச்சுத் திருப்புனேன். வேற யாரோ. அது பயந்து போயி அவங்கம்மாவக் கூப்புட்டுச்சு. அந்தம்மா உடனே ஓடியாந்துச்சுங்க. எனக்கு அதப் பாக்கப் பொறுக்கல. தடுப்புக் கம்பியப் புடிச்சுக்கிட்டு பள்ளத்தப் பாத்து "கவீ... ஏஞ்சாமீ..."ன்னு கத்துனேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஒரு ஆளு போனத் தூக்கிப் புடிச்சு என்னையப் படம் எடுக்கறான். "எடுடா, நல்லா எடு, உங்கம்மாவுக்குப் போட்டுக் காட்டு"ன்னு கல்லத் தூக்கிட்டேன். சிவக்குமாருதான் கையப் புடிச்சுக் கூட்டியாந்து ஒரு பெஞ்சுல உக்கார வெச்சான்.

நான் செத்துட்டேன்னுதான் நெனச்சேனுங்க. ஒடம்பு மட்டும் பெஞ்சுல கெடக்குது. அந்த வார்த்தையத் திரும்ப எடுக்க முடியுமா? நாக்க அறுத்துப் போட்டா எடுக்க முடியுமா? எங்க மலைச்சாமி செவராயா, அவள மட்டும் குடுத்துரு, நான் இனி வாயே தொறக்கலன்னு மனசுக்குள்ள கதறிட்டிருந்தேன்.

அங்க லைனு நல்லா கெடச்சுது. "மேடம், மீதியையும் படிங்க. ஒண்ணையும் மறைக்காதீங்க"ன்னேன்.

படிச்சாங்க. ரெண்டாவது காட்சியில அந்த மக மார்க் வாங்கிட்டு வர்றப்ப மட்டும் அம்மா சிரிச்சுப் பேசுவா, மத்த நேரமெல்லாம் எரிஞ்சு வுழுவா. எந்தக் கணக்கும் பாக்காத அன்புதான் ஒரு மனுசிய நிமிர்ந்து நிக்க வெக்கும்னு இன்னொரு அறிஞர் சொல்லியிருக்காராம். இதுக்கு நான் கத்தல. அது நெசந்தானுங்க. மூணாவது காட்சியில அடுப்பு, கரண்டி, அந்த வார்த்த. அப்படியே எழுதியிருக்கா. மேடம் அந்த வார்த்தையப் படிக்காமத் தாண்டுனாங்க. தாண்டுனது எனக்குத் தெரியாதா?

"அம்மாவப் பத்தித் தனியா ஒரு பத்தி இருக்குங்க. 'இந்த அம்மாவின் குழந்தைப் பருவத்தைப் படம் காட்டவில்லை. அவளையும் யாரோ கட்டிப் போட்டிருக்கலாம். அதனால் அவள்மீது எந்தக் கோட்பாட்டையும் முழுதாகப் பொருத்த முடியவில்லை. மகள் அவளை வெறுக்க முயல்கிறாள், முடியவில்லை.' இப்படி எழுதியிருக்கா."

நான் முந்தானைய வாயில அடச்சுக்கிட்டேன். பதினாறு வருசம் கழிச்சு அதே மாதிரி.

"கடைசிக் காட்சிய நீங்க சுருக்கிச் சொல்லாதீங்க மேடம். எழுத்துக்கு எழுத்து படிங்க."

"'மகள் மலைக்குத் திரும்பி வருகிறாள். மலை முடியும் இடத்தில் நிற்கிறாள். கால் தானாக முன்னே போகிறது. காலை நம்ப முடியவில்லை. அடுத்த காட்சியில் ஒரு மரப்பட்டை. பால் வடிந்து காய்ந்த பட்டை. அதில் ஒரு சேலைத் துணி. முடிச்சு முன்பக்கம் இருக்கிறது. அம்மா வருவாளா என்று படம் சொல்லவில்லை. எந்தக் கோட்பாடும் சொல்லவில்லை.' அவ்ளோதாங்க."

பால் வடிஞ்ச பட்ட. காப்பிக்காட்டுல நெழலுக்கு நிக்கற சில்வர் ஓக்குல பால் வடியாதுங்க. பலாமரத்துலதான் வடியும். பதினாறு வருசத்துக்கு முன்னால நான் அவளக் கட்டுன மரம். அப்பத்தான் என் ஊதாச் சேல நெனப்புக்கு வந்துச்சு. காளியாயி எடுக்கல. எம்புள்ளதான் எடுத்துட்டுப் போயிருக்கா.

மரமும் சேலையும். ரெண்டையும் சேத்து நெனச்சதும் எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. "மஞ்சக்குட்டைக்கு வுடு சிவா"ன்னு கத்திட்டே ஜீப்புக்கு ஓடுனேன்.

அந்த ரோடு எவ்வளவு நேரம்னு எங்கிட்டக் கேக்காதீங்க. எதுக்க ஒரு பஸ்ஸு வந்து வழி வுடாம நின்னதுக்கு நான் எறங்கி அந்த டிரைவரத் திட்டுனது மட்டும் நெனப்பு இருக்குது. பழைய எஸ்டேட்டு கேட்டு பூட்டிக் கெடந்துச்சு. எங்களுக்குக் கேட்டு எதுக்கு? வேலி சந்துல பூந்து ஓடுனேன். செருப்பு ஒண்ணு எங்கயோ வுழுந்துச்சு. தண்ணித்தொட்டி, அப்பறம் மேடு, அப்பறம் பலாமரம். மேட்டுல ஏறறப்ப கண்ண மூடிக்கிட்டேன். மூடிக்கிட்டே ஏறுனேன். பாக்காம இருக்கற வரைக்கும் அவ உசுரோட இருப்பாங்கற மாதிரி.

"அம்மா"ன்னு கேட்டுச்சு.

தொறந்தேன்.

மரத்தடியில குந்தியிருந்தா. ஊதாச் சேலைய மரத்தச் சுத்திக் கட்டி, மறு முனைய இடுப்புல கட்டியிருந்தா. முடிச்சு முன்னாடி. அந்த முடிச்ச ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிட்டிருந்தா. வெரலெல்லாம் வெளுத்துக் கெடந்துச்சு. மொகம் காய்ஞ்சு, ஒதடு வெடிச்சு, மூணு வயசுல பாத்த அதே கண்ணு.

"மலை வெளிம்பு வரைக்கும் போயிட்டேம்மா. காலு கேக்க மாட்டேங்குது. அதான் இங்க நடந்து வந்து கட்டிக்கிட்டேன். நீ வர்ற வரைக்கும் போயிரக் கூடாதுன்னு."

கொடுமைன்னு அவ பேப்பர்ல எழுதுன அதே கட்டு. அதக் கட்டிக்கிட்டுத்தான் எம்புள்ள உசுரப் புடிச்சு வெச்சிருந்தா. நான் அவ மேல வுழுந்து அழுதேன். என்னென்னமோ பேசுனேன். அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது சாமி, எஞ்சாமி, இந்த வாயில மண்ணு வுழோணும்னேன். என் மொகத்துலயே அடிச்சுக்கிட்டேன். அவ என் கையப் புடிச்சுக்கிட்டா. அதுக்கு முடிச்ச வுட வேண்டியிருந்துச்சு. வுட்டா.

அப்பறம் காட்டெரும கதையச் சொன்னேன். அந்த எடத்தையே காட்டுனேன், இங்க நீ, இங்க அது, அந்தா அங்க நான்னு. அவ மரத்துக்குப் பின்னால எட்டிப் பாத்தா. இப்பவும் அங்க நிக்குமோங்கற மாதிரி.

"நீ சிரிக்கலையா?"

"அழுதேன் கண்ணு. சத்தம் வரக் கூடாதுன்னு அடச்சுக்கிட்டேன்."

"பேப்பரே தப்பும்மா அப்ப. மேடம் மார்க்கக் கொறைப்பாங்க"ன்னா. சிரிச்சாளா அழுதாளான்னு தெரியல, ரெண்டுந்தான். எனக்கு எல்லாம் சரியாப் போச்சுன்னு ஒரு நிம்மதி வந்துச்சு. எந்திரி கண்ணு, ஊட்டுக்குப் போலாம், சோறாக்கிப் போடறேன்னு முடிச்ச அவுக்கப் போனேன்.

அவ என் கையத் தட்டி வுட்டா. "சரியாயிருச்சுன்னு நெனைக்காதம்மா. எரும கதையக் கேட்டதுல இது போவல. இன்னும் உள்ள அப்படியேதான் இருக்குது. எனக்கு என்னையவே பயமா இருக்குது." கொஞ்சம் நிறுத்திட்டு, குனிஞ்சு மண்ணப் பாத்துக்கிட்டே சொன்னா. "முன்னாடி இருந்தா நானே அவுத்துருவேன். நீ பின்னாடி போட்டு வுடும்மா."

எத்தன தடவ போட்ட முடிச்சுங்க அது. கண்ண மூடிக்கிட்டே போடுவேன். அன்னைக்கி என் வெரலு கேக்கல. மூணு தடவ நழுவுச்சு. நாலாவது தடவதான் வுழுந்துச்சு.

அப்பறம் மரத்துல இருந்த முனைய அவுத்து என் இடுப்புல கட்டிக்கிட்டேன். ரெண்டு பேரும் அப்படியே மேட்டுல இருந்து எறங்கி, வேலி சந்துல பூந்து, ஜீப்புக்கு நடந்து வந்தோம். சிவக்குமாரு பாத்தான். பின்சீட்டுக் கதவத் தொறந்து வுட்டான். நான் மேடத்துக்குப் போனப் போட்டு, புள்ள கெடச்சிருச்சுங்க, மனசுக்குப் பாக்கற டாக்டரு எங்கங்க இருக்காங்கன்னு கேட்டேன். அவங்க அழுதுகிட்டே எடத்தச் சொன்னாங்க. இருபது வளைவு எறங்கறப்ப ரோட்டுல போறவன் வர்றவனெல்லாம் ஜீப்புக்குள்ள எட்டிப் பாத்துட்டுப் போனானுங்க. சேலத்துல அந்த ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கி, டாக்டரம்மா அவ கையப் புடிக்கற வரைக்கும் நான் அத அவுக்கலீங்க.